ஒன்பது திட்டங்கள், ஒன்பதுக்கும் பச்சைக்கொடி

கேள்வி:

வணக்கம் சார். நடுத்தர அளவிலான மருந்து நிறுவனம் ஒன்றில் 14 ஆண்டுகள் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். எட்டு மாதங்களுக்கு முன் ஆய்வுத் திட்டங்களின் போர்ட்ஃபோலியோவை என் பொறுப்பில் விட்டார்கள். கைவசம் ஒன்பது திட்டங்கள். அதில் ஒன்று நான் ஆய்வகத்தில் இருந்தபோது தொடங்கிவைத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கமிட்டி கூடி ஒவ்வொன்றையும் பார்க்கிறது. பொறுப்பேற்றதும் நான்கு வருடக் கூட்டக் குறிப்புகளைப் புரட்டினேன். ஒரு திட்டம்கூட நிறுத்தப்படவில்லை. 'கூடுதல் டேட்டா தேவை', 'அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்' என்றே பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது.

இப்போதைய சிக்கல் இதுதான். எங்கள் முதன்மைத் திட்டம் ஓர் அழற்சி நோய்க்கான கைனேஸ் தடுப்பி, அதாவது கைனேஸ் என்ற புரதத்தின் வேலையை அடைக்கும் மருந்து. நோயாளிகளிடம் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் இரண்டாம் கட்டப் பரிசோதனையில் மருந்துக்கும் பிளசிபோவுக்கும் (மருந்தில்லாத போலி மாத்திரை) வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் ஒரு பிரிவு நோயாளிகளிடம் நன்றாக வேலை செய்திருப்பதாக டீம் சொல்கிறது. இன்னொரு பரிசோதனைக்குப் பணம் கேட்கிறது. அந்த டீமின் தலைவர் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். இதற்கு நடுவில் மேலிடம் 'புதுமை உத்தி' என்று 20 ஸ்லைடு கேட்கிறது. பயோடெக் நிறுவனம் ஒன்றை வாங்கலாமா, செயற்கை நுண்ணறிவில் இறங்கலாமா என்று பேச்சு ஓடுகிறது. நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

ஸ்லைடை அப்புறம் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்தக் கூட்டக் குறிப்புகள்தான். நான்கு வருடம், ஒன்பது திட்டம், ஒன்றும் நிற்கவில்லை. 2011 முதல் 2020 வரையிலான பரிசோதனைகளைத் தொகுத்த தொழில்துறைக் கணக்கு ஒன்று உண்டு. மனிதர்களிடம் சோதிக்கும் மூன்று கட்டங்களில் முதல் கட்டத்துக்குள் நுழைந்த மருந்துகளில் கடைசியில் அனுமதி வாங்கியவை 7.9 சதவீதம்தான். இரண்டாம் கட்டத்தைத் தாண்டியவை 28.9 சதவீதம். பத்து மருந்து இரண்டாம் கட்டத்துக்குப் போனால் ஏழு அங்கேயே விழுகின்றன. ஊரெல்லாம் இப்படி விழும்போது உங்களிடம் மட்டும் ஒன்றும் விழவில்லை என்றால், விழுந்ததை யாரும் விழுந்தது என்று சொல்லவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இதில் உங்கள் கமிட்டியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், வருடத்துக்கு இத்தனை மூலக்கூறுகளை 'கேண்டிடேட்', அதாவது மனிதப் பரிசோதனையை நோக்கிக் கொண்டுபோகத் தகுதியானவை, என்று அறிவித்தாக வேண்டும் என்று எண்ணிக்கை வைத்திருந்தார்கள். போனஸ் அதோடு கட்டப்பட்டிருந்தது. ஜனவரி முதல் அக்டோபர் வரை ஒன்றோ இரண்டோ வரும். டிசம்பரில் மட்டும் மூன்று வரும். அப்படி வந்த ஒன்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தண்ணீரில் கரையவே கரையாது. எலிகளுக்குக் கொடுக்க அதை எண்ணெயில் கலந்து பசை மாதிரி ஆக்க வேண்டியிருந்தது. அறையில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் அது தெரியும். கரைதிறன் பற்றிய ஸ்லைடு 47-ஆவது. நேரமாகிவிட்டது என்று 40-ஆவது ஸ்லைடிலேயே கூட்டத்தை முடித்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். பதினான்கு மாதம் கழித்து, மனிதர்களுக்குக் கொடுத்த முதல் பரிசோதனையில், மருந்து ரத்தத்தில் ஏறவே இல்லை என்று தெரிந்தது. அந்த மாலை யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனோம்.

எண்ணிக்கையை வைத்து ஓட்டினால் என்ன ஆகும் என்பதை ஆஸ்ட்ராஜெனெகா வெளிப்படையாக எழுதியே காட்டியது. 2005 முதல் 2010 வரையிலான தன் திட்டங்களைத் திருப்பிப் பார்த்து, எது ஏன் விழுந்தது என்று 2014-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். இந்தத் துறையில் அது அபூர்வமான காரியம். தோல்வியைப் பெட்டியில் பூட்டிவைப்பதுதான் வழக்கம். கேண்டிடேட் என்று அறிவித்ததிலிருந்து மூன்றாம் கட்டத்தை முடிப்பது வரை போனவை அந்தக் காலத்தில் வெறும் 4 சதவீதம். அதன் பிறகு சரியான இலக்கு (மருந்து பிடிக்க வேண்டிய புரதம்), சரியான திசு, சரியான பாதுகாப்பு, சரியான நோயாளி, சரியான வணிக வாய்ப்பு என்று ஐந்து கேள்விகளை வைத்து வடிகட்ட ஆரம்பித்தார்கள். 2012 முதல் 2016 வரையிலான கணக்கில் அந்த 4 சதவீதம் 19 ஆகியிருந்தது. ஐந்து 'சரியான'வையும் எந்த நிறுவனமும் சுவரில் எழுதி மாட்டலாம், அதில் ஒன்றுமில்லை. எண்ணிக்கையைக் காட்டிப் பெயர் வாங்குவதை நிறுத்தியதும், குறைவான திட்டங்களை ஆழமாகப் பார்த்ததும்தான் வேலை செய்தது என்பது என் அபிப்பிராயம்.

சரி, உங்கள் கைனேஸ் தடுப்பிக்கு வருவோம். 'இரண்டாம் கட்டம் தோற்றது' என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வெவ்வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கும். ஒன்று, மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போனது, இலக்குப் புரதத்தைப் பிடித்தது, அடைத்தது, அப்படியும் நோய் அசையவில்லை. இரண்டு, மருந்து சரியாகப் போய்ச் சேரவே இல்லை. அதனால் அந்த யோசனை சரியா தப்பா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. முதலாவது பதில் கிடைத்த பரிசோதனை. இரண்டாவது பணம் செலவழிந்த பரிசோதனை, அவ்வளவுதான். ஃபைசர் ஆய்வாளர்கள் தங்கள் நிறுவனத்தின் 44 இரண்டாம் கட்டத் திட்டங்களை எடுத்து இதே கேள்வியைக் கேட்டு 2012-இல் வெளியிட்டார்கள். அவற்றில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில், அந்த உயிரியல் கருத்து சரியாகச் சோதிக்கப்பட்டதா என்பதையே சொல்ல முடியவில்லை. அத்தனை பெரிய நிறுவனத்தில், அத்தனை பணத்தில்!

ஆகவே உங்கள் ஆசானிடம் பிரிவு நோயாளிகளின் கதையைக் கேட்பதற்கு முன்னால் ஒரே ஒரு வரைபடத்தைக் கேளுங்கள். கிடைமட்டத்தில் நேரம், மாத்திரை போட்டதிலிருந்து 24 மணி நேரம். செங்குத்தில் ரத்தத்தில் மருந்தின் அளவு. அதன் குறுக்கே ஒரு கோடு: அந்தக் கைனேஸில் 90 சதவீதத்தை அடைக்க எவ்வளவு மருந்து வேண்டுமோ அந்த அளவு. நோயாளி காலை எட்டு மணிக்கு மாத்திரை போடுகிறார். பத்து மணிக்கு வளைவு உச்சத்துக்குப் போகிறது, பிறகு இறங்குகிறது. மாலை ஐந்து மணிக்கே கோட்டுக்குக் கீழே போய்விட்டால், மீதிப் பதினைந்து மணி நேரம் அவர் மருந்தே சாப்பிடாதவர் மாதிரிதான். இதில் ஒரு சூட்சுமம் உண்டு, ஆய்வகத்தில் இருந்தவர் என்பதால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் கிடக்கும் மருந்தைக் கழித்துவிட்டு, தனியாக உலவும் மருந்தை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். 99 சதவீதம் ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு என்றால், வரைபடத்தில் மலை மாதிரி தெரிவது கழித்த பிறகு மேடு மாதிரிகூட இருக்காது. மொத்த அளவைக் காட்டும் வரைபடம்தான் அழகாக இருக்கும். கமிட்டிக்கு வருவதும் அதுதான்.

அப்புறம், நோயுள்ள திசுவிலிருந்து ஏதாவது மாதிரி எடுத்தார்களா என்று கேளுங்கள். கைனேஸின் வேலையே மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றுவதுதான்; அது அடைபட்டிருந்தால் அடுத்த படியில் இருக்கும் புரதத்தில் அந்த ஏற்றம் குறைந்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நோயாளிகளிடம் அதைப் பார்த்திருந்தாலே போதும். குறைந்திருந்தும் நோய் மாறவில்லை என்றால் அந்த இலக்கு இந்த நோய்க்குச் சரியானதில்லை, கதை முடிந்தது. யாரும் அளக்கவில்லை என்றால், இரண்டாவது பரிசோதனைக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால்கூட, முதல் தவணை அந்த அளவீட்டுக்கு மட்டும்தான்.

பிரிவு நோயாளிகள் விஷயத்தில் நான் ஒரே பக்கமாகப் பேச மாட்டேன், ஏனென்றால் சில சமயம் டீம் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஜெஃபிடினிப் என்ற நுரையீரல் புற்றுநோய் மாத்திரைக்கு 2003-இல் அமெரிக்காவில் துரித அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு கடைசியில் பெரிய பரிசோதனை ஒன்றில் அது ஆயுளை நீட்டிக்கவில்லை என்று தெரிந்தது; 2005-இல் புதிய நோயாளிகளுக்குக் கொடுப்பதைக் கட்டுப்படுத்தினார்கள். ஆனால் சில நோயாளிகளிடம் கட்டி கரைந்ததை மருத்துவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஏன் என்று துருவியதில், அவர்களின் கட்டியில், மாத்திரையின் இலக்குப் புரதத்துக்கான ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் இருப்பது 2004-இல் வெளியானது. 2009-இல் இந்த மாத்திரையையும் கீமோதெரபியையும் ஒப்பிட்ட ஐபாஸ் பரிசோதனையின் முடிவு வந்தபோது விஷயம் வெட்டவெளிச்சமானது. அந்த மாற்றம் இருந்தவர்களிடம் நோயைக் கட்டுப்படுத்துவதில் மாத்திரை கீமோதெரபியை வென்றது. இல்லாதவர்களிடம் கீமோவிடம் படுமோசமாகத் தோற்றது. 2015-இல் அமெரிக்காவில் மறுபடியும் அனுமதி, இந்த முறை அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்த ஐஎஸ்ஐஎஸ்-2 பரிசோதனை, 1988-இல் வந்தது, 17,187 நோயாளிகள். ஆஸ்பிரின் உயிர் காத்தது என்பதில் சந்தேகமே இல்லை. முடிவை வெளியிட்ட மருத்துவ ஆய்விதழின் ஆசிரியர்கள் பிரிவு பிரிவாகப் பிரித்துக் காட்டும்படி வற்புறுத்தியதால், ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ராசி வாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரினால் பலனில்லை என்று வந்தது! இருபது விதமாக வெட்டிப் பார்த்தால் ஏதாவது ஒரு துண்டு அழகாகத்தான் வரும். ஆகவே டீமிடம் கேட்க வேண்டியவை இரண்டு. இந்தப் பிரிவை டேட்டாவைத் திறப்பதற்கு முன்பே எழுதிவைத்திருந்தீர்களா? இல்லையென்றால், மொத்தம் எத்தனை விதமாக வெட்டினீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் வர நேரமானால் அதுவும் ஒரு பதில்தான். ஜெஃபிடினிப்பைக் காப்பாற்றியது கட்டிக்குள் கண்ணுக்குத் தெரிந்த ஒரு காரணம். உங்கள் பிரிவுக்கு அப்படி ஒரு காரணம் இருக்கிறதா, அல்லது '50 வயதுக்கு மேற்பட்ட பெண்கள்' என்பது மாதிரி வெறும் துண்டா?

இந்த இடத்தில் வணிகத் துறைக்காரர்கள் குறுக்கே வருவார்கள்: 'பிரிவைச் சுருக்கினால் சந்தை சுருங்கிவிடும்.' அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை வைத்திருங்கள். நுரையீரல் புற்றுநோயின் முதல் சிகிச்சையாகத் தங்கள் நோயெதிர்ப்பு மருந்துகளைக் கொண்டுவர இரண்டு நிறுவனங்கள் போட்டி போட்டன. பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப், கட்டியின் செல்களில் 5 சதவீதத்தில் பிடி-எல்1 (நோயெதிர்ப்புச் செல்களைத் தடுக்கும் புரதம்) இருந்தாலே போதும் என்று அகலமாக வலை வீசி, அந்தக் கூட்டத்தில் வெற்றியை நிரூபிக்கப் பார்த்தது. மெர்க் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவர்களை மட்டும் எடுத்தது. 2016-இல் இரண்டு முடிவுகளும் வந்தன. முதலாவது தோற்றது, இரண்டாவது வென்றது. அகலமான சந்தையைக் குறிவைத்தவரிடம் அப்போது அந்த இடத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. சுருக்கமாகத் தொடங்கியவர் பின்னால் கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்து வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டார்.

மெர்க்கின் அந்த மருந்தான பெம்ப்ரோலிஸுமாப்புக்கு இன்னொரு கதையும் உண்டு. அது என் பேச்சுக்கே எதிரானது, அதனால் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அது மெர்க்கில் பிறந்ததே இல்லை. ஆர்கனான் என்ற நிறுவனத்தில் உருவானது. 2007-இல் ஷெரிங்-பிளவ் ஆர்கனானை வாங்கியது, 2009-இல் மெர்க் ஷெரிங்-பிளவை வாங்கியது. புது வீட்டில் அதை ஓரங்கட்டி, வேறு யாருக்காவது லைசென்ஸ் கொடுத்துவிடலாம் என்ற பட்டியலில் வைத்தார்கள். 2010-இல் போட்டியாளரின் நோயெதிர்ப்பு மருந்தான இபிலிமுமாப், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தவர்களின் ஆயுளை நீட்டித்தது என்று செய்தி வந்த பிறகுதான், 'நம்மிடம் ஒன்று கிடக்குமே' என்று அவசரமாக வெளியே எடுத்தார்கள். 2014-இல் அனுமதி. 2023-இல் அந்த ஒரே மருந்தின் விற்பனை 2,500 கோடி டாலர். நிறுத்தத் தெரிந்த கமிட்டிதான் நல்ல கமிட்டி என்று நான் சொன்னால் இந்தக் கதை என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

அதற்காக ஒன்றையும் நிறுத்தாமல் இருக்க முடியாது. நான் செய்வது இது: நிறுத்தும் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பக்கக் குறிப்பு. மேல்பாதியில், ஆதாரம் எதிராக வந்ததால் நிறுத்துகிறோமா, அல்லது பணமோ ஆளோ ஆர்வமோ இல்லாததால் நிறுத்துகிறோமா. இரண்டும் ஒன்றில்லை, மெர்க்கில் நடந்தது இரண்டாவது வகை. கீழ்ப்பாதியில், வெளியுலகில் எந்தச் செய்தி வந்தால் இதைத் திரும்ப எடுப்போம் என்று ஒரு வாக்கியம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கோப்பை யாராவது ஒருவர் படிக்க வேண்டும். அரை நாள் வேலைதான்.

மேலிடத்தின் கேள்விகளுக்கு வருகிறேன். பயோடெக் நிறுவனத்தை வாங்குவது பற்றி எனக்கு எதிர்ப்பில்லை, ஆனால் உங்கள் கமிட்டி இப்போது இருக்கும் நிலையில் வாங்கினால் பத்தாவது திட்டமாக அதுவும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். வாங்குவதற்கு முன், எந்தச் சோதனையை நம்பி விலை கேட்கிறார்களோ அதை உங்கள் ஆய்வகத்தில் உங்கள் ஆட்கள் கையால் செய்து பாருங்கள். ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில், புற்றுநோய்த் துறையில் மைல்கல் என்று பேசப்பட்ட 53 ஆய்வுகளைத் திரும்பச் செய்ய முயன்றதில் ஆறு மட்டுமே அதே முடிவைக் கொடுத்தன என்று 2012-இல் எழுதினார்கள். கிளாக்ஸோஸ்மித்க்லைன் 2008-இல் 72 கோடி டாலருக்கு சர்ட்ரிஸ் என்ற நிறுவனத்தை வாங்கியது. முதுமையோடு தொடர்புடைய சர்ட்1 என்சைமைத் தூண்டும் மூலக்கூறுகள் அவர்களிடம் இருந்தன. ஆம்ஜென், ஃபைசர் ஆய்வாளர்கள் 2009, 2010-இல் செய்து பார்த்தபோது, சோதனையில் ஒட்டியிருந்த ஒளிரும் சாயம் இருந்தால்தான் அந்தத் தூண்டல் தெரிந்தது. சாயத்தை எடுத்துவிட்டால் காணோம். அதன் பிறகும் அறிவியல் விவாதம் ஓயவில்லை, மறுதரப்பிலிருந்தும் டேட்டா வந்தது. ஆனால் 2013-இல் அந்த நிறுவனத்தின் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். சாயத்தோடும் சாயமில்லாமலும் செய்து பார்க்கும் சோதனைக்கு எத்தனை வாரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நன்றாகப் போன உதாரணமும் இருக்கிறது. ரோஷ் 1990-இல் ஜெனென்டெக் என்ற பயோடெக் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது, ஆனால் ஆய்வில் கைவைக்காமல் கிட்டத்தட்ட இருபது வருடம் தள்ளி நின்றது. ரிடுக்ஸிமாப், ட்ராஸ்டுஸுமாப், பெவாசிஸுமாப் என்ற புற்றுநோய் மருந்துகள் எல்லாம் அந்த இடைவெளியில் சந்தைக்கு வந்தவை. 2009-இல் 4,680 கோடி டாலருக்கு மீதியையும் வாங்கிய பிறகும் அதன் ஆய்வுப் பிரிவைத் தனியாகவே வைத்தார்கள். உங்கள் அளவு நிறுவனத்துக்கு அவ்வளவு பணமும் இருக்காது, அவ்வளவு பொறுமையும் இருக்காது. முழுதாக வாங்குவதைவிட, ஒரு பரிசோதனையின் முடிவு வரும்வரை முன்பணம் கொடுத்து உரிமையைப் பிடித்துவைக்கும் ஒப்பந்தம் உங்களுக்குப் பொருந்தும்.

செயற்கை நுண்ணறிவு மூலக்கூறு வடிவமைக்கும் நேரத்தைச் சுருக்கும், நல்லதுதான். ஆனால் உங்கள் மருந்து விழுந்தது இரண்டாம் கட்டத்தில். மூலக்கூறு செய்யத் தாமதமானதால் விழவில்லை. பணம் போட வேண்டிய இடம் இலக்கைத் தேர்ந்தெடுப்பது. மனித மரபணு ஆதாரம் உள்ள இலக்குகள், இல்லாதவற்றைப்போல 2.6 மடங்கு வெற்றி வாய்ப்பு உள்ளவை என்று 2024-இல் ஒரு விரிவான ஆய்வு காட்டியது. கொலஸ்ட்ரால் துறையில் 2006-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில், பிசிஎஸ்கே9 மரபணுவின் ஒரு பிரதி பிறவியிலேயே வேலை செய்யாத ஒரு பிரிவினருக்குக் கெட்ட கொழுப்பு 28 சதவீதம் குறைவு, இதய நோய் 88 சதவீதம் குறைவு என்று ஆய்வு வந்தது. இயற்கையே ஆயுள் முழுக்கப் பரிசோதனை நடத்தி முடிவைக் கையில் கொடுத்த மாதிரி! அதை வைத்து உருவான மருந்துகள் 2015-இல் சந்தைக்கு வந்தன. அதே 2006 டிசம்பரில், நல்ல கொழுப்பை ஏற்றும் டார்செட்ராபிப்பை ஃபைசர் நிறுத்தியது. 15,000 பேர் இருந்த பரிசோதனையில் மருந்து எடுத்தவர்களிடம் மரணம் அதிகமாக இருந்தது. அந்த மருந்து ரத்தத்தில் காட்டிய எண்கள் பிரமாதமாகத்தான் இருந்தன. அதே இலக்கில் வேறு மூன்று பெரிய நிறுவனங்கள் தொடர்ந்து முயன்றன. ஒன்றும் மருந்துக்கடைக்கு வரவில்லை. உங்கள் ஒன்பது இலக்குகளில் எத்தனைக்கு மனிதர்களிடமிருந்து ஆதாரம் இருக்கிறது, எத்தனைக்கு எலியிடமிருந்து மட்டும்? இதை ஒரு மதியத்தில் பட்டியல் போட்டுவிடலாம்.

இப்போது அந்த 20 ஸ்லைடு. ஒன்பது போதும், திட்டத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் நான்கு வரி: இப்போது நாம் பதில் தேடும் ஒரே கேள்வி என்ன, பதில் எந்தத் தேதிக்குள் வரும், அதுவரை எவ்வளவு செலவு, எந்த எண்ணுக்குக் கீழே வந்தால் நிறுத்துவோம். நான்காவது வரியை டேட்டா வருவதற்கு முன்பே எழுதி, திட்டத் தலைவரும் கமிட்டித் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். எழுத உட்கார்ந்தால்தான் தெரியும், பாதித் திட்டங்களுக்கு முதல் வரியையே யாராலும் சொல்ல முடியாது. 'மேலும் புரிந்துகொள்வது' என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கேள்வி ஆம், இல்லை என்று பதில் வரும்படி இருக்க வேண்டும். பழைய மருந்தின் புது வடிவம் மாதிரி ஆபத்துக் குறைவான திட்டங்கள் ஏதாவது இருந்தால் அவற்றை இதே தராசில் நிறுக்காதீர்கள். அவற்றுக்குத் தேதியும் செலவும்தான் முக்கியம். எல்லா ஸ்லைடிலும் ஓரத்தில் காப்புரிமை முடியும் ஆண்டையும் போடுங்கள். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் என்பது கமிட்டி தள்ளிப்போடும் ஒவ்வொரு காலாண்டிலும் கரைகிறது. நீட்டிப்பு வாங்கினாலும் முழுதாகத் திரும்பி வராது.

கடைசியாக ஆட்கள். ஒரு திட்டத்தை ஐந்து வருடம் வளர்த்தவரிடமே 'இதை நிறுத்தலாமா' என்று கேட்பது சரியில்லை. எலி லில்லி 2002-இல் கோரஸ் என்று ஒரு சின்னக் குழுவை அமைத்தது. மருந்து மனிதரிடம் வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு வெளி நிறுவனங்களை வைத்துக் குறைந்த செலவில் பதில் கண்டுபிடிப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. மருந்து அவர்கள் பெற்ற பிள்ளையும் இல்லை, பின்னால் வளர்க்கப்போவதும் அவர்கள் இல்லை. உங்களுக்குத் தனிக் குழு அமைக்க வசதி இருக்காது. ஆனால் ஒரு திட்டத்தைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில், அதில் சம்பந்தமே இல்லாத இரண்டு பேரை முன்கூட்டியே டேட்டாவைப் படிக்கச் சொல்லி உட்காரவைக்க முடியும். நிறுத்திய திட்டத்தின் ஆட்களுக்கு அடுத்த வேலை என்ன என்பதை நிறுத்துவதற்கு முன்பே முடிவு செய்து, அதே கூட்டத்தில் அறிவிக்கவும் முடியும். திட்டம் நின்றால் தன் மேசையும் போய்விடும் என்று பயப்படும் ஒருவர் எந்த டேட்டாவிலும் ஒரு நல்ல பிரிவைக் கண்டுபிடித்துவிடுவார். அதை நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் ஆசானிடம் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே போய்த் தனியாக உட்காருங்கள். 'சார், நிறுத்தலாமா' என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த 24 மணி நேர வரைபடத்தை இருவரும் சேர்ந்து வரையலாம் என்று கேளுங்கள். உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் என்றால் தனியாக உலவும் மருந்தை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் அவர்தான் கற்றுக்கொடுத்திருப்பார்; வளைவு எங்கே கோட்டுக்குக் கீழே போகிறது என்பதை உங்களுக்கு முன்னால் அவர் பார்த்துவிடுவார். பார்த்த பிறகு அவரே வேறு டோஸில் இன்னொரு பரிசோதனை வேண்டும் என்று சொன்னால், அது இப்போது கேட்பதைவிட நல்ல கோரிக்கை. காது கொடுத்துக் கேளுங்கள். திசுவில் இலக்கு முழுக்க அடைபட்டிருந்தது என்று தெரிந்தால், கூட்டத்தில் அதை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள்.

ஆனால் புது முறையில் நடக்கும் முதல் கூட்டத்துக்கு அவருடைய திட்டத்தை எடுக்காதீர்கள். ஒன்பதில் ஒன்று நீங்கள் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் ஸ்லைடை முதலில் தயார் செய்யுங்கள். நான்காவது வரியில் என்ன எண் எழுதுகிறீர்கள் என்பதைத்தான் அந்த அறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.